குதிரைக்கு முன் கை கற்கவேண்டும்

“செலவுக்குக் கடிவாளம் போடு”, “வாய்க்குக் கடிவாளம் போடு” என்று அன்றாடம் பேசுகிறோம். கடிவாளம் என்றாலே அடக்குவது என்றுதான் நமக்குப் பழக்கம். குதிரையேற்றம் பயில்பவர்கள் விரைவிலேயே இதற்கு நேர்மாறானதைக் கண்டுகொள்கிறார்கள். வாரை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குதிரை அடங்குவதில்லை. வாயிலுள்ள இரும்பின்மீது தலையின் பாரத்தைச் சாய்த்து, இன்னும் பலமாக இழுக்கிறது.

ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள விலங்கோடு கயிறு இழுத்து யாரும் வெல்ல முடியாது. அப்படியென்றால், குதிரை சாய்வதை விட்டுத் தன் உடலைத் தானே தாங்கி நடக்க எப்படிக் கற்றுக்கொள்கிறது?

பாரம் எங்கே இருக்கிறது?

நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. நீண்ட கழுத்தும் கனத்த தலையும் முன்னால் இருப்பதே காரணம். மேலும், குதிரைக்கு நம்மைப்போல் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களை உடலோடு இணைப்பவை தசைகளும் தசைநார்களும்தான். இரு தோள்களுக்கும் இடையே தொட்டில்போல் தொங்குகிறது அதன் நெஞ்சுக்கூடு. அந்தத் தசைகள் வலுவாக இருந்தால் நெஞ்சு உயர்ந்து நிற்கும். வலுவில்லை என்றால் தாழ்ந்துபோகும்.

இந்த உடலின்மேல் ஒருவர் ஏறி அமரும்போது முன்பாரம் இன்னும் கூடுகிறது. சமநிலை தடுமாறும் இளங்குதிரை பிடிமானம் தேடுகிறது, கிடைப்பது கடிவாளம். அதையே ஐந்தாவது காலாக ஊன்றிக்கொள்கிறது. இது பிடிவாதம் அன்று, பலமின்மை.

இதை அப்படியே விட்டுவிட்டால் பாதிப்பு குதிரைக்குத்தான். கடிவாள இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத இடத்தில் அமர்கிறது. அங்கே மெல்லிய ஈறுக்கு அடியிலேயே எலும்பு. ஓயாத அழுத்தத்தில் நாக்கும் ஈறும் நோகும். முன்னங்கால் மூட்டுகளும் தசைநார்களும் கூடுதல் சுமை தாங்கும். “வாய் முரடு” என்று சொல்லி இன்னும் கடுமையான கடிவாளத்தைப் பூட்டுவோரும் உண்டு. அதனால் வலி கூடுமே தவிர, பலம் கூடாது.

பின்னங்காலில் தொடங்கும் பாடம்

பல்லில் கோளாறா, முதுகில் வலியா, சேணம் பொருந்தவில்லையா என்று முதலில் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகே பயிற்சி. அதுவும் வாயிலிருந்து தொடங்குவதில்லை, பின்னங்கால்களிலிருந்து தொடங்குகிறது. நடை, சிறு ஓட்டம், மீண்டும் நடை, நிறுத்தம், சில அடிகள் பின்வாங்கல், மறுபடியும் முன்னே என்று அடிக்கடி மாற்றும்போது, குதிரை பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து பாரத்தை ஏற்கப் பழகுகிறது. 20 மீட்டர் வட்டத்தில் சுற்றுவது உட்புறப் பின்னங்காலுக்கு வேலை கொடுக்கிறது.

இவற்றோடு சேர்வது அரைநிறுத்தம். சவாரி செய்பவர் நிமிர்ந்து அமர்ந்து, காலால் குதிரையை முன்னே தூண்டி, ஒரு நொடி மட்டும் விரல்களை மூடுகிறார். உடனே திறந்துவிடுகிறார். பாடம் அந்தத் திறப்பில்தான் இருக்கிறது. இழுக்க எதிரே ஆளில்லாதபோது குதிரை தன் சமநிலையைத் தானே தேடியாக வேண்டும். முதலில் இரண்டு அடி தாங்கும், பிறகு நான்கு அடி. வாரை ஒரேயடியாகக் கைவிட்டாலோ, அது முன்னால் சரிந்து வேகமெடுக்கும். தசைகள் களைப்பதற்குள் நீண்ட வாரில் ஓய்வும் தரவேண்டும். உடல் முழுமையாக வலுப்பெற மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆகும்.

கழுத்தை வளைத்துத் தாடையை மார்போடு இழுத்து வைத்தால் படத்தில் அழகாகத் தெரியலாம். ஆனால், கைகள் இழுத்து வைத்த வளைவு கைகள் விட்டதும் கலைந்துவிடும். அதனால்தான் டிரெஸாஜ் எனப்படும் குதிரை நடைப் போட்டியின் சில சுற்றுகளில், சவாரி செய்பவர் சில அடிகளுக்குக் கைகளை முன்னே நீட்டி வாரைத் தளர்த்திக் காட்டவேண்டும். தாளமும் சமநிலையும் மாறாமல் இருந்தால், குதிரை தன்னைத் தானே தாங்குகிறது என்று பொருள்.

இது புதிய கருத்தன்று. மென்மையான கையைப் பற்றிக் கிரேக்கரான செனஃபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியுள்ளார். குதிரை சரியாகச் செய்ததும் கையை இறக்கி வாரை விடுவிப்பதை, பிரெஞ்சுக்காரரான லா கெரினியேர் 1733ல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளி இந்த மரபை இன்றும் காத்துவருகிறது. யுனெஸ்கோ 2015ல் அதை மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

நம் வட்டாரத்தில்

மலேசியாவின் காபில் அம்பாக் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் டிரெஸாஜ் தனிநபர் பிரிவில் வெள்ளி வென்றார். சிங்கப்பூரிலோ, 1842ல் தொடங்கிய குதிரைப் பந்தய வரலாறு 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் நடந்த கடைசிப் பந்தயத்துடன் முடிந்தது. பந்தயக் குதிரை ஓடுவது சில ஆண்டுகள்தான். அது 25 வயதையும் தாண்டி வாழக்கூடும். வாரின் இறுக்கத்தை எதிர்த்துச் சாய்ந்து பாய்ந்தே பழகிய அதை, புதிதாக ஏறுபவர் நிறுத்த நினைத்து இழுத்தால், “ஓடு” என்றே அது புரிந்துகொள்ளக்கூடும். “அடங்காத குதிரை” என்று பெயர் எடுத்துவிட்டால் அதற்கு நல்ல இடம் கிடைப்பது அரிது. தன்னைத் தாங்கக் கற்பது அதன் மறுவாழ்வையே முடிவு செய்கிறது.

அடுத்த முறை தொலைக்காட்சியில் டிரெஸாஜ் போட்டியைக் கண்டால், குதிரையின் அழகிய கால்களைப் பார்க்குமுன் அதன்மேல் அமர்ந்திருப்பவரின் விரல்களைப் பாருங்கள். அவை எப்போது திறக்கின்றன என்று கவனியுங்கள்.