நிர்வாக வாயிலின் காவல்

அறுத்த சம்பா நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்துவிட்டு, மழைக்கு முன் எடை போட்டுவிடுவார்களா என்று வானத்தைப் பார்த்து நிற்கும் தஞ்சை ஜில்லா விவசாயியின் பெயரும், நிலத்தின் சர்வே எண்ணும், வங்கிக் கணக்கும் இன்று கணினி வழியே பதிவாகி, அவர் ஒருநாளும் கண்ணால் காணப்போகாத ஏதோ ஒரு சர்வரில் சென்று தங்குகின்றன. இத்தகைய சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளரும் பெரும்பாலும் அவற்றின் எதிரே அமர்ந்திருப்பதில்லை. வேறோர் ஊரில் தம் மேஜையிலிருந்தபடியே, நாம் செய்தித்தளம் பார்ப்பதைப் போல ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, பயனர்களைச் சேர்ப்பது, நீக்குவது, கோப்புகளை மாற்றுவது ஆகிய சகல காரியங்களையும் நடத்திவிடுகிறார். சௌகரியம் மிகுந்த ஏற்பாடுதான். ஆயினும் அந்தப் பக்கத்துக்குள் பிரவேசித்தவர் எவரோ அவரையே சர்வர் தன் எஜமானராக ஏற்கும் என்பதால், அபாயமும் அங்கேயே குடியிருக்கிறது.

2024 மே மாதத்தில் தமிழ்நாட்டுக் காவல்துறையின் முக அடையாளத் தேடல் மென்பொருளின் இணைய வாயிலுக்குள் அன்னியர் நுழைந்துவிட்டதாகச் செய்தி வெளிவந்தது. கொல்கத்தாவிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த மென்பொருளில், நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் பிறர் கைக்குப் போயிருக்கலாம் என்று சந்தேகிப்பதாகவும், பயனர் கணக்குகளை உண்டாக்குவது, எத்தனை தேடல்கள் நடந்தன என்று பார்ப்பது போன்ற வரையறுக்கப்பட்ட உரிமைகளே அக்கணக்குக்கு உண்டென்றும், அதை முடக்கிவிட்டதாகவும் காவல்துறை விளக்கம் அளித்தது. கடவுச்சொல் களவு போனது நம்மை வருந்தச் செய்யும் விஷயம். அக்கணக்கின் அதிகாரம் சுருக்கமாக இருந்தது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரியுமிடத்து ஷட்டர்களை ஏற்றி இறக்கும் அதிகாரம், கடைமடையில் ஒரு வாய்க்கால் மதகைத் திறந்துவிடும் லஸ்கரிடம் இல்லை; அவருடைய சாவி தொலைந்தாலும் நீர் புகுவது அந்த வாய்க்காலின் கீழுள்ள சில வேலி நிலத்துக்குள் மட்டுமே. சர்வர் நிர்வாகத்திலோ, அவசரத்தை முன்னிட்டு எல்லோருக்கும் தலைமதகின் சாவியையே வழங்கிவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் வேரூன்றியிருக்கிறது.

அதிகாரத்தைச் சுருக்கினாலும், பூட்டே பழுதானால் என் செய்வது? ஜேமி கேமரூன் 1997ஆம் ஆண்டு தொடங்கிய வெப்மின் என்பது லினக்ஸ் சர்வர்களை இணையப் பக்கம் வழியே நிர்வகிக்க உலகெங்கும் பயன்படும் மென்பொருள். அதை ஆக்கி வெளியிடும் கணினிக்குள்ளேயே 2018இல் யாரோ புகுந்து சில வரிகளை மாற்றிவைக்க, அந்த ரகசிய வழி ஓராண்டுக்கு மேல் ஒருவர் கண்ணிலும் படாமலிருந்து 2019 ஆகஸ்டில்தான் அம்பலமாயிற்று. 1.890 என்ற பதிப்பை நிறுவியிருந்தவர் எவ்வளவு கடினமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. அந்தப் பக்கத்தை எட்ட முடிந்த எவரும் சர்வரைத் தம் ஆணைக்குள் கொண்டுவர முடிந்தது. 1.930 பதிப்பு அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் அதற்கு முன்பும் தப்பித்தவர்கள் இருந்தார்கள்: நிர்வாகப் பக்கத்தை உலகம் முழுவதும் காணும்படி விடாமல், தமது அலுவலக வலைக்குள்ளோ, விபிஎன் எனும் தனி வழிக்குப் பின்னாலோ ஒதுக்கிவைத்தவர்கள். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் கடவுச்சொற்களை ஒற்றறிந்தார்கள் என்பதால் 1995இல் தாதூ யூலோனன் இயற்றிய எஸ்எஸ்எச் என்னும் மறைகுறியாக்க முறையும் இவ்வாறே ஒதுக்குவதற்குக் கைகொடுக்கும். எச்டிடிபிஎஸ் இணைப்பும், கைபேசியில் முப்பது விநாடிக்கொரு முறை மாறும் இரண்டாம் எண்ணும் அவசியமே என்றாலும், இப்படி ஒதுக்கிவைப்பதற்கு அவை ஈடாகமாட்டா என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

டெல்டாவின் கல்லூரிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பெரும்பாலும் வெளி ஒப்பந்தக்காரரைக் கொண்டே சர்வரை அமைத்துக்கொள்கின்றன. வேலை முடிந்து அவர் போனபின்னும் அவருடைய கணக்கு அப்படியே உயிரோடிருந்தால், அதன் வழியே நாளை யார் வருவார் என்று எவராலும் சொல்ல இயலாது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய அத்துமீறலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நுழைவுப் பதிவேடுகளை 180 நாட்கள் காத்துவைக்க வேண்டும். நள்ளிரவில் எந்த முகவரியிலிருந்து எந்தக் கணக்கு திறக்கப்பட்டது என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் வரிவரியாக இருக்கும்; வாரம் ஒருமுறையேனும் அதைப் படிப்பதற்கென்று பெயர் சொல்லி ஒருவரை நியமித்திருக்கிறார்களா என்பதையே, தம் கணக்கு விவரங்களை ஒப்படைத்த விவசாயி அந்த அலுவலகத்தை நோக்கி முதலில் கேட்க வேண்டும்.