ஆடுகளத்திலும் ஐவேளைத் தொழுகை

விளையாட்டும் மார்க்கமும் ஒன்றுசேரா என எண்ணும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். பந்தைத் தொட்ட பிள்ளை பள்ளிவாசலை மறந்துவிடுவான் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்திற்குத் தம் வாழ்வாலேயே விடை பகர்ந்தவர் ஆஸ்திரேலிய வீரர் பஷார் ஹூலி.

லெபனானைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1988-ஆம் ஆண்டு பிறந்த இவர், மெல்போர்ன் நகரின் மேற்குப் புறநகரில் வளர்ந்தார். அந்நகர மக்கள் உயிரென மதிப்பது ஆஸ்திரேலிய விதிமுறைக் கால்பந்து. நாமறிந்த கால்பந்தினின்றும் இது வேறுபட்டது. முட்டை வடிவத் திடல். அவ்வாறே நீண்டுருண்ட பந்து. அணிக்குப் பதினெட்டு வீரர்கள். பந்தைக் கையாலும் பற்றலாம். நடுக்கம்பங்களின் ஊடே உதைத்தால் 6 புள்ளிகள்.

2006-ஆம் ஆண்டுத் தேர்வில் எஸ்ஸெண்டன் கழகம் 42-ஆவது இடத்தில் இவரைத் தெரிவு செய்தது. மறு ஆண்டே தேசிய லீக்கில் களம் கண்டார். மார்க்கக் கடமைகளைப் பேணியவாறு அந்த லீக்கில் ஆடிய முதல் முஸ்லிம் என இவர் போற்றப்படுகிறார்.

சோதனைக் காலம்

பயிற்சி நேரமோ தொழுகை நேரத்தோடு மோதும். வெற்றிக் கொண்டாட்டம் என்றாலே மது. ரமலான் மாதமும் அவ்வாண்டுகளில் போட்டிப் பருவத்தினுள்ளேயே வந்தது. எனினும் இவர் தொழுகையைக் கைவிடவில்லை, மதுவைத் தீண்டவில்லை.

உலகியல் வெற்றி உடனே கிட்டிவிடவுமில்லை. எஸ்ஸெண்டனில் நான்கு பருவங்களில் இவர் ஆடியவை 26 ஆட்டங்களே. வாய்ப்பு அருகும் வேளையில்தான், 'தொழுகையைச் சற்றே ஒதுக்கிவைத்தால் என்ன?' என்னும் ஊசலாட்டம் உள்ளத்தில் எழும். இளைஞர் பலர் இடறுவது இவ்விடத்திலேதான். இவரோ பொறுமை காத்தார்.

பொறுமையின் கனி

2010-ஆம் ஆண்டு இறுதியில் ரிச்மண்ட் கழகம் இவரை ஏற்றது. அங்கே தற்காப்பு வரிசையில் நிலைபெற்றார். இடக்கால் உதையால் புகழும் பெற்றார். 2012-இல் மெல்போர்ன் கிரிக்கெட் திடலில் தொழுகை அறை திறக்கப்பட்டதில் இவரது முயற்சிக்கும் பங்குண்டு. 37 ஆண்டுகள் காத்திருந்த ரிச்மண்ட் 2017-இல் வாகை சூடியபோது இவரும் அணியில் இருந்தார். 2019, 2020-இலும் அவ்வெற்றி தொடர்ந்தது. ரிச்மண்டுக்காக 206 ஆட்டங்கள் ஆடிய பின் 2021-இல் ஓய்வு பெற்றார்.

பெற்றோர்களே! பிள்ளைகளின் திறமைக்குத் தடை போடாதீர்கள். தொழுகையைப் பழக்கி அனுப்புங்கள். இளைஞர்களே! கடமையை விற்றுப் புகழை வாங்காதீர்கள். அதனைக் காத்துக்கொண்டே முன்னேற வழியுண்டு, இன்ஷா அல்லாஹ்!