குதிரை மாறினாலும் மாறாத இடம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடந்தன. அங்கே டிரஸ்ஸாஜ் பிரிவில் ஜெர்மனியின் இசபெல் வெர்த் அணித் தங்கமும் தனிநபர் வெள்ளியும் வென்றார். அப்போது அவருக்கு வயது 55. 1992இல் பார்சிலோனாவில் தொடங்கிய அவரது ஒலிம்பிக் கணக்கு அத்துடன் 8 தங்கம், 6 வெள்ளி என 14 பதக்கங்களாகியது. குதிரையேற்றத்தில் இத்தனை ஒலிம்பிக் பதக்கம் வேறு எவருக்கும் இல்லை. இந்த எண் பெரியதுதான். ஆனால் அவருடைய திறமையை இன்னும் சரியாக அளக்கும் எண் வேறொன்று: இந்தப் பதக்கங்களை அவர் வென்றது ஐந்து வெவ்வேறு குதிரைகளின் மேல். ஒரு டிரஸ்ஸாஜ் வீரரை எடைபோட வேண்டுமானால் பதக்கங்களை எண்ணுவதற்கு முன் குதிரைகளை எண்ண வேண்டும் என்பதற்கு வெர்த்தின் வாழ்க்கையே சான்று.

டிரஸ்ஸாஜில் ஓட்டப் பந்தயமும் இல்லை, தடை தாண்டலும் இல்லை. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணல் களத்தில், வகுத்துவைத்த அசைவுகளைக் குதிரை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகாட்ட வேண்டும். இருந்த இடத்திலேயே தாளம் தப்பாமல் காலெடுத்து வைப்பது பியாஃபே. பாய்ச்சல் நடையிலேயே ஏறக்குறைய நின்ற இடத்தில் சுற்றுவது பிரூவெட். ஒவ்வொரு அடிக்கும் முன்னங்காலை மாற்றி மாற்றிப் பாய்வதும் உண்டு. ஒலிம்பிக்கில் களத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஏழு நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்ஜியம் முதல் பத்து வரை மதிப்பெண் இடுவார்கள். தனிநபர் பதக்கத்தை முடிவுசெய்யும் இறுதிச் சுற்று இசையோடு நடக்கும். சவாரி செய்பவர் வாய்திறந்து கட்டளையிடக் கூடாது. உடலின் எடையைச் சற்றே மாற்றுவதும், காலின் அழுத்தமும், கடிவாளத்தின் மெல்லிய இழுப்பும்தான் அவருக்கு மொழி. அந்த மொழி பார்வையாளரின் கண்ணில் படாத அளவுக்குத்தான் சவாரி சிறப்பு. அதனாலேயே, மேலே இருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், வேலையெல்லாம் குதிரையுடையது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

அந்த எண்ணத்துக்கு டோட்டிலாஸ் என்ற கறுப்புக் குதிரையின் கதை நல்ல பதில். நெதர்லாந்தின் எட்வர்ட் கால் அதன்மேல் ஏறி உலக சாதனை மதிப்பெண்கள் எடுத்தார். 2010இல் அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கங்களையும் வென்றார். அதே ஆண்டில் பெருந்தொகைக்கு ஜெர்மனிக்கு விற்கப்பட்ட டோட்டிலாஸ், புதியவரின் கீழ் அந்த உயரத்தை மறுபடி எட்டவே இல்லை. காயங்களும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் குதிரை மட்டும் போதும் என்றால், கடிவாளம் கைமாறியதும் இவ்வளவு வேறுபாடு வந்திருக்காது. நல்ல குதிரை இல்லாமல் வெற்றி இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரே குதிரையோடு வரும் வெற்றியில் குதிரையின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. குதிரைகள் மாறிக்கொண்டே இருக்க, மனிதர் மட்டும் மாறாமல் பதக்க மேடையில் நிற்கும்போதுதான் அவருடைய பங்கு தெளிவாகத் தெரிகிறது.

வெர்த்தின் ஐந்து குதிரைகளைப் பாருங்கள். ஜிகோலோவோடு அவர் 1992, 1996, 2000 ஆகிய மூன்று ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றார். அட்லான்டாவில் கிடைத்த தனிநபர் தங்கமும் அதன்மேல்தான். அடுத்து வந்த சாட்ச்மோ எளிதில் மிரளும் குதிரை. அதைப் பக்குவப்படுத்தி 2006இல் ஆக்கனில் உலகப் பட்டத்தையும், 2008இல் பெய்ஜிங் பதக்கங்களையும் வென்றார். 2016 ரியோவில் வைஹேகோல்ட். அடுத்து டோக்கியோவில் பெல்லா ரோஸ். 2014 உலகப் போட்டியின் நடுவே காயத்தால் விலகிய இந்தப் பெண் குதிரை, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் போட்டிக் களத்துக்கே வரவில்லை. 2018இல் திரும்பிய கையோடு உலகப் பட்டம் வென்றது. கடைசியாக, பாரிஸில் வெண்டி. அது வெர்த்திடம் வந்ததே 2024இன் தொடக்கத்தில்தான். பழகச் சில மாதங்களே கிடைத்தன. நீண்ட காலம் காத்திருந்து வென்றதும் உண்டு, குறுகிய காலத்தில் புரிந்துகொண்டு வென்றதும் உண்டு. பயிற்சியில் ஒரே சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவரால் இரண்டும் முடியாது.

இதெல்லாம் பணம் படைத்தவர்களின் விளையாட்டு, நல்ல குதிரைகளை வாங்கிக் கொடுக்க ஆளிருந்தால் யாரும் வெல்லலாம் என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. வெர்த் ரைன்பெர்க் பகுதியின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், சட்டம் படித்தவர். பதினேழாம் வயதில் பயிற்சியாளர் ஊவே ஷுல்டன்-பாவ்மர் தம் குதிரைகளில் ஏற வாய்ப்புத் தந்திராவிட்டால் அவர் பெயர் வெளியே தெரிந்திருக்காது. பின்னாளில் மதலீன் வின்டர்-ஷுல்ஸே என்ற செல்வந்தரின் ஆதரவும் கிடைத்தது. வாசலைத் திறக்கப் பணமும் புரவலரும் வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டின் பெரிய அநீதி அதுதான். ஆனால் டோட்டிலாஸை வாங்கியவர்களிடமும் பணத்துக்குக் குறைவில்லை. வாசலைக் கடந்த பிறகு நடப்பதைப் பணம் முடிவுசெய்வதில்லை.

தனிநபர் தங்கம் ஒன்றே ஒன்று, மற்ற ஆறும் வெள்ளி. இவர் எப்படி எல்லோரிலும் சிறந்தவர் என்று கேட்போரும் உண்டு. அந்த ஆறு முறையும் அவரை முந்தியவர்கள் நால்வர்: நிக்கோல் உப்ஹோஃப், ஆங்கி வான் க்ரூன்ஸ்வென், சார்லட் டுஜார்டின், ஜெசிகா ஃபான் பிரெடோ-வெர்ன்டல். ஒவ்வொருவரும் தம் காலத்தின் மிகச் சிறந்த குதிரையோடு வந்தவர்கள். 32 ஆண்டுகளில் முதலிடம் கைமாறிக்கொண்டே இருந்தது; தாம் களமிறங்கிய ஏழு ஒலிம்பிக்கிலும் வெள்ளிக்குக் கீழே இறங்காதவர் வெர்த். உச்சத்தைத் தொட்டதில் டுஜார்டினும் ஆங்கியும் அவருக்குச் சளைத்தவர்கள் அல்லர். அந்த உச்சத்துக்கு அருகிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றதில் அவருக்கு இணை இல்லை.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் குதிரையின் பக்கத்திலிருந்து வருகிறது. பாரிஸ் போட்டிக்குச் சில நாள் முன்பு, பயிற்சியில் ஒரு குதிரையின் கால்களில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடிக்கும் காணொளி வெளியானதால் டுஜார்டின் விலகினார். அவருக்கு ஓராண்டுத் தடையும் விழுந்தது. வெர்த்தும் கறை படியாதவர் அல்லர். 2009இல் அவருடைய விஸ்பர் என்ற குதிரையின் உடலில் தடைசெய்யப்பட்ட மருந்து கண்டுபிடிக்கப்பட்டு ஆறு மாதம் தடை பெற்றார். பதக்கப் பட்டியலில் இவை தெரியாது. அதனால்தான் குதிரைகளை எண்ணுவதோடு, அவை எந்த வயதில் எந்த நிலையில் இருந்தன என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜிகோலோ சிட்னியில் பதக்கம் வென்றபோது அதற்கு வயது 17. பெல்லா ரோஸுக்கும் டோக்கியோவில் அதே வயது. ஓய்வுக்குப் பின் ஜிகோலோ 26 வயதுவரை வாழ்ந்தது. இதைக் கொண்டு வெர்த்தை எல்லாக் குற்றத்திலிருந்தும் விடுவித்துவிட முடியாது. ஆனால் அடித்து நொறுக்கிப் பழக்கிய விலங்கு இவ்வளவு காலம் தளராமல் களமிறங்குவது அரிது என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம். ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டுக்கு இடமிருக்க வேண்டுமா என்ற கேள்வி வலுத்துவரும் நேரம் இது. பதக்கத்தை மட்டும் கொண்டாடிக்கொண்டிருக்கும் வரை அதற்குப் பதில் கிடைக்காது. எத்தனை குதிரைகள், எத்தனை ஆண்டுகள், எந்த உடல்நிலையில் என்று கேட்டு வெற்றியாளரை மதிப்பிடும் பழக்கம் வந்தால்தான் டிரஸ்ஸாஜ் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள முடியும்.