பேரிங், பெல்ட் ஆகியவற்றின் குறிகளை அறியும் முறை

பாசன காலத்தில் யந்திரம் நின்றுவிடுமாயின், பழுது பார்க்கும் செலவைவிடப் பயிருக்கு நேரும் நஷ்டமே பெரிது. உதிரிப் பாகம் வாங்கச் செல்வோர் பலர், யந்திரத்தின் பெயரையும் குதிரைச் சக்தியையும் மட்டும் கடைக்காரரிடம் கூறி, அவர் கொடுப்பதை வாங்கி வருகின்றனர். அது பொருந்தாவிடில் மறுபடியும் பட்டணம் போகவேண்டும். அதற்குள் பயிர் வாடிவிடும். பாகத்தின் மேல் பொறித்துள்ள எண்ணும் எழுத்தும் வெறும் பெயரல்ல. அவை அதன் இனத்தையும் அளவையும் தெரிவிப்பவையாகும்.

உதாரணமாக, 6205 என்ற பேரிங்கை எடுத்துக்கொள்ளலாம். முதலிலுள்ள 6, ஒரே வரிசைக் குண்டுகளும் ஆழ்ந்த பள்ளமும் உடைய இனம் என்பதைக் காட்டும். அடுத்துள்ள 2 பருமனைக் குறிக்கும். கடைசி இரண்டு இலக்கங்களாகிய 05-ஐ 5-ஆல் பெருக்கினால், உள்துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று ஏற்படும். (04 முதற்கொண்டே இக்கணக்குப் பொருந்தும். 00, 01, 02, 03 என்பவை முறையே 10, 12, 15, 17 மில்லிமீட்டராகும்.) 6305-க்கும் உள்துவாரம் 25-தான். ஆனால் 6205-க்கு வெளிவிட்டம் 52, அகலம் 15. 6305-க்கோ வெளிவிட்டம் 62, அகலம் 17. ஆதலால் ஒன்று மற்றொன்றின் தண்டில் ஏறினும் அதன் கூட்டில் பொருந்தாது.

எண்ணுக்குப் பின்வரும் எழுத்துக்களையும் அலட்சியம் செய்யலாகாது. இசட் இசட் என்பது இருபுறமும் தகட்டு மூடியுள்ளது. சில உற்பத்தியாளர் இதையே 2 இசட் என்று குறிப்பர். 2 ஆர்.எஸ். என்பது இருபுறமும் ரப்பர் மூடியுள்ளது. மூடியில்லாத பேரிங்கைப் புழுதியில் உழைக்கும் யந்திரத்தில் மாற்றிப் பொருத்தினால், மண் புகுந்து விரைவில் கெடும். சி 3 என்பது உள்ளிடைவெளி சற்று அதிகம் என்பதாகும். சூடேறும் மோட்டாருக்குச் சி 3 விதிக்கப்பட்டிருக்கையில் சாதாரண பேரிங்கைப் போட்டால், சூட்டில் அது இறுகிப் பழுதடையக்கூடும்.

பெல்ட்டிலுள்ள பி 60 என்ற குறியில், பி என்பது மேலகலம் 17 மில்லிமீட்டர், கனம் 11 மில்லிமீட்டர் என்பதையும், 60 என்பது உட்புறச் சுற்றளவு 60 அங்குலம் என்பதையும் தெரிவிக்கும். ஏ வகை 13 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. அதைப் பி வகைக் கப்பியில் மாட்டினால் பள்ளத்தில் ஆழ இறங்கி வழுக்கும்.

குறி அழிந்திருப்பின், பேரிங்கின் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து செல்லவேண்டும். முன்பு பழுது பார்த்தவர் தவறான பாகத்தைப் பொருத்தியிருத்தலும் கூடும். ஆகையால் யந்திரத்துடன் வந்த கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். யந்திரம் ஓடும் காலத்திலேயே இக்குறிகளையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது சிலாக்கியம். கிராம அதிகாரிகள் இம்முறையைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பின் பெரிதும் பயனுண்டாகும்.