சோமாசி மடிக்கத் தெரிந்தால் வண்டு கட்டலாம்

மாவை மெல்லிசாகத் தேய்த்து, நடுவில் பூரணத்தை வைத்து, மறுபாதியை மேலே இழுத்து மூடி, ஓரத்தை அழுத்தினால் சோமாசி. ட்ரவுட் மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் கட்டுகிற செயற்கை வண்டும் கிட்டத்தட்ட இதே கைவேலைதான். பூரணத்துக்குப் பதில் மயில் தோகை, மேல்மாவுக்குப் பதில் ஃபோம். எண்ணெய்ச் சட்டிதான் தேவையில்லை.

முதலில், சாப்பிடப் போகிறவரைத் தெரிந்துகொள்வோம். ட்ரவுட் குளிர்ந்த ஓடைகளில் வாழும் மீன். வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டது இதைத்தான். வசந்த காலத்தில் தண்ணீரிலேயே பிறக்கும் பூச்சிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும், மீனுக்குப் பந்திதான். ஜூலை, ஆகஸ்டில் அந்தக் கூட்டம் குறைந்துவிடும். அப்போது கரையோரப் புல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் தவறி விழுகிற எறும்பு, வெட்டுக்கிளி, வண்டு ஆகியவற்றுக்கு மவுசு கூடும். விழுந்த வண்டு எழுந்து பறக்கப் படாதபாடு படும். காலை உதறிக்கொண்டே ஓட்டத்தோடு போகும். மீனுக்கு அவசரமே இல்லை.

இதை உட்கார்ந்து கவனித்தவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்தார்கள். அங்கே கார்லைல் ஊர்ப்பக்கம் லெட்டார்ட் என்றொரு ஊற்றோடை. அதன் கரையில் வின்சென்ட் மரினாரோவும் சார்லஸ் ஃபாக்ஸும் மீன்கள் எதைத் தின்கின்றன என்று ஆராய்ந்தார்கள். மரினாரோ 1950இல் ஒரு புத்தகமே எழுதினார். 1916இல் நியூ ஜெர்சியில் முதன்முதலாகத் தென்பட்ட ஜப்பானிய வண்டு பிற்பாடு பக்கத்து மாநிலங்களுக்கும் பரவி, தோட்டக்காரர்களுக்குத் தலைவலியாகவும் ட்ரவுட்டுக்குத் தீனியாகவும் ஆகியிருந்தது. அதைப் போலச் செய்ய, காப்பிக் கொட்டையை முள்ளில் ஒட்டிப் பார்த்தவர்கள்கூட உண்டு! பிறகு மான் முடியை மடித்துக் கட்டினார்கள். நன்றாக மிதந்தது, ஆனால் மீனின் பல் பட்டால் முடி பிய்ந்துவிடும். அந்த இடத்தை இப்போது ஃபோம் பிடித்துக்கொண்டது.

கட்ட உட்காரும் முன் ஒரு விஷயம். நாம் வண்டை மேலிருந்து பார்க்கிறோம். மீன் கீழிருந்து பார்க்கிறது. அதற்குத் தெரிவதெல்லாம் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கரிய, தடித்த உருவம். பக்கவாட்டில் சில கால்கள். கொஞ்சம் மினுங்கும் வயிறு. அவ்வளவுதான். அதனால் முதுகில் செய்கிற அலங்காரமெல்லாம் கடையில் வாங்க வருகிறவருக்குத்தான்.

இனி வேலை. 14ஆம் எண் முள்ளை எடுத்து, அதைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இடுக்கியில் பொருத்துங்கள். (எண் கூடக் கூட முள் சிறியதாகும்.) வெறும் கம்பியில் ஃபோம் நிற்காது, வழுக்கும். அதனால் முதலில் தண்டு முழுக்கக் கறுப்பு நூலைச் சுற்றுங்கள். பிறகு மேல்மாவு. குழந்தைகளின் கைவேலைக்கு ஸ்டேஷனரிக் கடையில் கலர் கலராக விற்கிறார்களே, அந்த 2 மி.மீ. ஃபோம் ஷீட் போதும். அதன் உள்ளே இருப்பது மூடிய காற்றறைகள், எனவே பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்காது. முள்ளின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே உள்ள அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, அந்த முனையை முள் வளைகிற இடத்தில் கட்டுங்கள். மீதிப் பட்டை பின்னால் தொங்கட்டும்.

அடுத்து பூரணம். மயில் தோகையின் மூன்று, நான்கு இழைகளை அதே இடத்தில் கட்டுங்கள். பச்சையும் செம்பும் மாறி மாறி மின்னுகிற இந்த இழைக்கு ஈடான செயற்கைச் சரக்கு இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. ஆனால் சீக்கிரம் அறுந்துவிடும். அதனால் நூலோடு சேர்த்து முறுக்கி, முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். முள்ளின் காதுக்கு, அதாவது நரம்பைக் கோக்கும் வளையத்துக்கு, சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் திணித்தால் சோமாசிக்கு ஓரம் ஒட்டாது. இங்கே தலைக்கு இடம் இருக்காது.

இப்போது மூடுகிற கட்டம். பட்டையை முன்னால் மடித்து, தோகைக்கு மேலே படியவைத்து, காதுக்குப் பின்னால் கட்டுங்கள். ரப்பர்போல இழுத்துக் கட்டக்கூடாது; இழுத்தால் ஃபோம் மெலிந்து, மிதக்கும் சக்தி குறையும். முதல் இரண்டு சுற்று தளர்வாக, அதற்குப் பிறகுதான் இறுக்கம். எடுத்த எடுப்பில் இறுக்கினால் நூல் ஃபோமையே அறுத்துவிடும். கட்டிய இடத்தில் இருபுறமும் ரப்பர் இழைகளைக் கால்களாகச் சேருங்கள். மிஞ்சிய பட்டையைக் கொஞ்சம் விட்டு நறுக்கினால், அதுவே தலை. முதுகின் மேல் ஆரஞ்சு நிற ஃபோம் துண்டு ஒன்று. தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும் கறுப்பு வண்டு தூரத்திலிருந்து உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டுமே, அதற்காக. கடைசியாக முடிச்சுப் போட்டு ஒரு சொட்டுப் பசை.

அடுத்தது பரிமாறுவது. மற்ற செயற்கைப் பூச்சிகளைப் பஞ்சு விழுவதுபோல இறக்கச் சொல்வார்கள். வண்டுக்கு அந்த மரியாதை வேண்டாம். மரக்கிளை கவிந்த கரையோரமாக, ‘ப்ளக்’ என்று சத்தம் வரும்படி விழட்டும். அந்தச் சத்தத்துக்கே திரும்பிப் பார்க்கிற மீன் உண்டு. விழுந்த பிறகு ஓட்டத்தோடு சும்மா போகவேண்டும். தூண்டில் கயிறு இழுத்து வண்டு குறுக்கே வழுக்கினால், மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியே போடுங்கள். வண்டோடு சேரும் கடைசி நரம்பு 0.15 மி.மீ. கனத்தில் இருந்தால் நல்லது. மீன் கவ்வும்போது பெரிய துள்ளலை எதிர்பார்க்காதீர்கள். பல நேரம் சின்ன வளையம் ஒன்றுதான் தெரியும். ஒரு நொடி பொறுத்து, பிறகு கோலை உயர்த்துங்கள்.

லெட்டார்ட் ஊற்றுத் தண்ணீர், கோடையிலும் குளிர்ச்சியாகவே ஓடும். எல்லா ஓடையும் அப்படியில்லை. தெர்மாமீட்டரில் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தூண்டிலை மடக்கிவிடுங்கள். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த ட்ரவுட்டைத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம்.