கடலே கலாசாலை

ஆய்வுகூடக் குப்பியில் இடப்பட்ட மீன் தன் உருவத்தைக் காட்டும். தன் வாழ்வைக் காட்டாது. அது எவ்வாழத்தில், எவ்வெப்பநிலையில், எவ்வுயிர்களோடு வாழ்ந்தது என்பதை அறியக் கடலுக்கே செல்லல் வேண்டும்.

300 பாகத்துக்குக் கீழே உயிரில்லை என்பது 1840களில் எட்வேர்ட் போர்ப்ஸ் கூறிய கொள்கை. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களிற் சென்ற 'சலஞ்சர்' கப்பல், ஆழ்கடலிலிருந்து உயிர்களை வாரியெடுத்து அக்கொள்கையை முற்றாக வீழ்த்திற்று.

இன்று ஆய்வுக்கப்பலிற் பயிலும் மாணவன் முதலிற் கற்பது, வலையில் அகப்பட்டதைக் காலத்தோடும் ஆழத்தோடும் சேர்த்துக் குறித்தலேயாம். சிறு மீன்களும் இறால்போன்ற சிற்றுயிர்களும் பகலிற் பகைக்கு அஞ்சி இருளாழத்தில் ஒடுங்கி, இரவில் இரைதேடி மேலெழுகின்றன. எதிரொலிமானியில் அவற்றின் திரள் கடலடித்தளமே எழுந்து வருவதுபோல் தோன்றும். பகலில் மட்டும் மேல்நீரில் வலையிட்டவன் வளமான கடலையும் வறிதென்பான்.

1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலை ஆராய்ந்த நோர்வேயின் 'நான்சன்' கப்பலின் பெயர்கொண்ட புதுக்கப்பல், 2018இல் மீண்டும் இங்கு வந்தது. முன்னைய குறிப்புகள் செம்மையாயிருந்தாலன்றோ மீன்வளம் பெருகிற்றா, குன்றிற்றா என ஒப்புநோக்க இயலும்? நம் மீனவர் வாழ்வு அவ்விடையைச் சார்ந்தது. ஆதலின், கடலியல் பயில்வார்க்கு உண்மை வழுவாத குறிப்பேடே முதற் கருவியாகும்.