போய் வருகிறோம்!



உற்றார் வீட்டுப் படியிறங்கும்போது "போகிறேன்" என்று சொல்லத் தமிழர் நா எழுவதில்லை. நெல்லைச் சீமையில் "போயிட்டு வாரேன்" என்கிறோம். கடலுக்கப்பால் யாழ்ப்பாணத்தார் "போட்டு வாறன்" என்பர். பிரியும் சொல்லிலேயே திரும்பி வரும் வாக்குறுதியையும் பொதிந்து வைத்த மொழி நம்முடையது. ஆயினும் அவ்வாக்குறுதியை நிறைவேற்றுவது எப்போதும் நம் கையிலா இருக்கிறது?

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அக்கடலின் மறுகரை இலங்கை. மகாவம்சம் அத்தீவைத் 'தம்பபண்ணி' என்று குறிப்பிடுகிறது. நம் ஆற்றின் பெயரும் அத்தீவின் பழம்பெயரும் ஒன்றே! உறவும் பெயரளவில் நின்றுவிடவில்லை. வணிகத்துக்கும் தோட்ட வேலைக்கும் சென்ற நம்மவரின் வழிவந்தோர் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மலையகத்திலும் இன்றும் வாழ்கின்றனர்.

1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 'போட் மெயில்' இரயிலையும் அக்கப்பலையும் நம்பி, "அடுத்த கோடைக்கு வருகிறோம்" என்று கூறிப் பிரிந்தோர் எத்தனையோ பேர்! 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவு செய்தது. அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகக் குடும்பங்கள் பிளவுபட்டன. புயலுக்குப்பின் இராமேசுவரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980-களில் போர்ச்சூழலால் நின்றது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தொடங்கிய கப்பல், அவ்வாண்டு நவம்பருக்குப்பின் ஓடவில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய கப்பலோ சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் புறப்பட்டது. "வருகிறோம்" என்ற சொல்லைக் காக்க அன்பு மட்டும் போதாது. கடலும் அரசும் உடல்நலமும் இசைய வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

இன்று மதுரையில் விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொழும்பு. ஆகவே, மற்றொரு முறை பேசிக்கொள்ளலாம் என்று எண்ணிவிடுகிறோம். கருப்பட்டியும் அல்வாவும் சுமந்து சென்ற பெட்டியில் தேயிலையும் தொதலும் அடுக்குகிறோம். எடையைப் பலமுறை சரிபார்க்கிறோம். நெஞ்சில் கிடக்கும் பாரத்தை மட்டும் இறக்கிவைக்க மறந்துவிடுகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பூர்வீக வீட்டின் பங்கு குறித்து அண்ணன் தம்பியரிடையே பல்லாண்டு மனத்தாங்கல். தம்பி மனைவி மக்களோடு நீர்கொழும்பு சென்று, அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கினார். சேர்ந்து உண்டனர், மாலைதோறும் கடற்கரையில் உலாவினர். மதினியின் உபசரிப்பிலும் குறைவில்லை. ஆனால் அந்த ஒரு காரியத்தை இருவருமே எடுக்கவில்லை. வாசலில் கட்டித் தழுவி அழுதுவிட்டுப் பிரிந்தனர். ஓராண்டு நிறைவதற்குள் அண்ணன் இறைவனடி சேர்ந்தார். அடக்கச் சடங்கைத் தம்பி கைப்பேசியில்தான் கண்டார். "கடற்கரையில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே, சாமி!" என்று அவர் நம்மிடம் விம்மியதற்கு என்ன மறுமொழி கூற இயலும்?

அப்போஸ்தலர் பணி நூலில் கடற்கரைப் பிரிவுகள் இரண்டு உள்ளன. மிலேத்துவில் புனித சின்னப்பர் எபேசு சபை மூப்பர்களிடம் சொல்ல வேண்டியவற்றை எல்லாம் ஒளிக்காமல் சொல்லி முடித்து, அதன் பின்னரே முழந்தாளிட்டுச் செபித்தார். இனி அவர் முகத்தைக் காணமாட்டோம் என்றறிந்து அவர்கள் கதறினர். தீர் நகரிலோ பெண்களும் பிள்ளைகளும் உடன்வந்து, கடற்கரையில் முழந்தாளிட்டு வழியனுப்பினர். மனம்விட்ட பேச்சும், சேர்ந்து செய்த செபமும், சிறுவர் முதல் அனைவரும் கூடிநின்ற அன்புமே அவர்கள் பெற்ற வழித்துணை.

ஆதலின், உறவினரைக் காணக் கடல் கடந்து செல்வோரே, கடைசி நாளைக் கடைவீதிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்று காலை உங்கள் முன்னோர் துயிலும் கல்லறைக்குச் சென்று வாருங்கள். முதியோர் அருகில் அமர்ந்து, தாத்தா பாட்டியர் பெயரையும் பூர்வீக ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனத்தாங்கல் இருந்தால் பயணத்துக்கு முந்தின இரவுவரை தள்ளிப்போடாமல், வந்த சில நாள்களிலேயே பேசித் தீருங்கள். சமாதானத்தைச் சேர்ந்து அனுபவிக்கவும் நாள்கள் வேண்டுமன்றோ? இரவில் இரு வீட்டாரும் ஒன்றாகச் செபமாலை சொல்லுங்கள். பெரியோர் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கட்டும். ஊர் திரும்பியபின் வாரம் ஒருமுறையேனும் பேசுங்கள்.

இவ்வாறு பிரிவோர் "போய் வருகிறோம்" என்று சொல்லும்போது, மீண்டும் சந்திக்கும் நாளை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு, அமைதியாகப் பயணம் புறப்படலாம்.